ரயில் வராததால் தேய்ந்த ஊர்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் மரமின்றிப் பரந்து கிடக்கும் புல்வெளியைப் பிரெய்ரி என்பார்கள். அங்கே கான்சாஸ் மாநிலத்தில் உள்ள சிற்றூர் நிக்கோடெமஸ். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1877-இல் தொடங்கப்பட்ட ஊர் இது. 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தவருக்கு அரசு 160 ஏக்கர் வரை சொந்தமாக்கியது. பிறர் நிலத்திலேயே பாடுபட்டவர்களுக்கு இது எத்தகைய வாய்ப்பு என்பதை நமது விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

கென்டக்கியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் ரயிலில் எல்லிஸ் என்ற ஊர் வரை வந்து, அங்கிருந்து சுமார் 35 மைல் நடந்தார்கள். வந்து பார்த்தால் வீடு எதுவும் கண்ணில் படவில்லை. தரைக்குள் குடைந்த குழிகளிலிருந்து புகை மட்டும் எழுந்தது. பல குடும்பங்கள் உடனே திரும்பிவிட்டன. தங்கியவர்களிடம் ஏரும் குதிரையும் மிகக் குறைவு. பின்னிக் கிடந்த புல்வேரை மண்வெட்டியால் கொத்திப் புரட்டினார்கள். கோரை மண்டிய தரிசைத் திருத்தியவர்களுக்கு அந்தப் பாடு புரியும். முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியதாக அவ்வூரார் சொல்வதுண்டு.

கோதுமையும் மக்காச்சோளமும் விளைந்தன. பத்தாண்டுக்குள் பள்ளிக்கூடம், தேவாலயங்கள், கடைகள், வங்கி, இரண்டு செய்தித்தாள்கள்கூட வந்துவிட்டன.

ஆனால் ரயில் வரவில்லை. தானியமோ கனமான பண்டம். நெடுந்தூரம் வண்டியில் கொண்டுபோனால் வாடகையே விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே, பாதை போட்டால் 16,000 டாலர் தருவதாக 1887-இல் ஊரார் வாக்களித்துப் பார்த்தார்கள். மிசௌரி பசிபிக் கம்பெனி வரவில்லை. மறு ஆண்டு யூனியன் பசிபிக் கம்பெனி பாதை போட்டது. அதுவும் சாலமன் ஆற்றுக்குத் தென்புறமாக, சில மைல் தள்ளிப் போயிற்று. வியாபாரிகள் கடையைப் பெயர்த்துக்கொண்டு அங்கே போனார்கள். அப்படி எழுந்த ஊர்தான் போக். வறட்சியும் வாட்டியது உண்மையே. எனினும் நிக்கோடெமஸின் முதல் முறிவு போக்குவரத்தால் நேர்ந்தது என்பதே என் கருத்து.

நிலத்தை விடாதவர்கள் தொடர்ந்து பயிர் செய்தார்கள். 1930-களில் மழை பொய்த்தது. புல்வேரின் பிடிப்பு இழந்து, உழுது கிடந்த மேல்மண்ணைக் காற்று வாரிச் சென்றது. (அறுவடைத் தாளை வயலிலேயே விட்டுவைத்து மண்ணை மூடும் பழக்கம் அமெரிக்காவில் பரவியது அதன் பிறகுதான்.) 1935-இல் ஊரில் மிஞ்சியவர்கள் 76 பேர். 1953-இல் தபால் நிலையமும் மூடப்பட்டது.

1996-இல் அரசு இவ்வூரைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. முதலில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் அங்கே கூடுகிறார்கள்.