உங்களுக்குத் தெரியுமா? கீழவைப்பார் டீசலுக்கு ஜெனீவாவில் பேரம்

கீழவைப்பார் என்ற கடலோர ஊரில் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பத்துக்கு அரசு நிவாரணத் தொகையும் உண்டு. இதுபோன்ற மீன்பிடி மானியங்கள் எவ்வளவு, எதுவரை என்ற பேரம் உலக வர்த்தக அமைப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

2022 ஜூனில் ஜெனீவாவில் அந்த அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு கூடியபோது, இந்தியக் கடலோர மாநிலங்களின் மீனவப் பிரதிநிதிகள் அங்கேயே போய்ப் போராடினார்கள். கடலைச் சுரண்டியவை பணக்கார நாடுகளின் பெருங்கப்பல்கள். கணக்குக் கேட்பது எங்களிடமா என்பதே அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். இந்தியா தரும் மானியம் ஒரு மீனவக் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 15 டாலர்; சில நாடுகளிலோ 75,000 டாலர் வரை என்று இந்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் அங்கே கணக்கை முன்வைத்தார். மானியங்களைக் குறைக்க வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசமும் கேட்டார்.

பலன் பாதிதான். சட்டவிரோத மீன்பிடிப்புக்கும் அளவுமீறிப் பிடிக்கப்பட்ட மீன்வளத்தைப் பிடிப்பதற்குமான மானியங்கள் தடைசெய்யப்பட்டன. வளரும் நாடுகளுக்கு 200 கடல்மைலுக்குள் இரண்டாண்டு விலக்கு மட்டும் கிடைத்தது. பெருங்கப்பல் கூட்டத்தைப் பெருக்கும் மானியம் பற்றிய முடிவு தள்ளிப்போனது. (முக்கியமானதைத் தள்ளிவைப்பது அங்கே வழக்கம்!)

அந்த மாநாட்டில் எட்டப்பட்ட ஒப்பந்தம் 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று வரை அதை ஏற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.