டர்போவைக் கழற்றுமுன் குழாயைப் பாருங்கள்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய் வரும் நம்மவர் கார்கள் பல அத்திபெலே வழியாகத்தான் செல்கின்றன. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. ஆகவே போகும்போது பெரும்பாலும் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். காரில் டர்போ சரியாக வேலை செய்யவில்லை என்பது போகும்போது தெரியாது. திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில், முன்னால் ஒரு லாரியும் பின்னால் ஒரு பேருந்துமாக மாட்டிக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி இழுக்காதபோதுதான் தெரியும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஓய்வுபெற்று அத்திபெலேயில் குடியிருக்கும் எனக்கு டர்போவோடு பழக்கம் ஏற்பட்டது ரயில்வேயில். கிருஷ்ணராஜபுரம் டீசல் லோகோ ஷெட்டில் நாங்கள் பார்த்த டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினுக்கு 16 சிலிண்டர், 2600 குதிரைத் திறன். 1964 முதல் வாரணாசியில் தயாரான இந்த எஞ்சின்களில் டர்போ ஒரு ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவாக உட்கார்ந்திருக்கும். காரில் இருப்பதோ கைக்குள் அடங்கும் அளவு. ஆனால் வேலை ஒன்றுதான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ப்யூகி 1905-இல் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்: வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் சேர்ந்தால் டீசலும் அதிகம் எரியும், சக்தியும் கூடும்.

சென்ற ஆண்டு என் தங்கை மகன் தன் டீசல் காரோடு வந்தான். "மாமா, டர்போவே போய்விட்டதாம். புதிது போட்டால் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகுமாம்" என்றான். ஏற்றத்தில் இழுவை இல்லை, கறும்புகை, மஞ்சள் விளக்கு எரிகிறது. பட்டறையில் கணினியைச் செருகிப் பார்த்ததில் பி-0299 என்று வந்திருக்கிறது. அந்த எண்ணுக்குப் பொருள் 'டர்போ கெட்டுவிட்டது' என்பதல்ல. 'கேட்ட அளவு காற்றழுத்தம் வரவில்லை' என்பது மட்டுமே. ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பது மனிதன் வேலை.

நாங்கள் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். செலவில்லாததில் தொடங்கி, செலவுள்ளதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அளவுகோலே சரியா என்று பார்த்தோம். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், அழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். நம் உயரத்தில் 91-ஐ ஒட்டி இருக்கும். இங்கே 101 காட்டினால் சென்சார் மீதுதான் சந்தேகம். அவன் காரில் 91 காட்டியது. சென்சார் நிரபராதி.

அடுத்து ஏர் ஃபில்டர். ஜிகணி பக்கத்துக் கருங்கல் தூசியில் தினமும் ஓடுகிற வண்டி இது. ஃபில்டர் அழுக்காக இருந்தது, மாற்றினோம். குறை தீரவில்லை.

பிறகு காற்றுக்குழாய்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் ரப்பர் ஹோஸ்கள் போகின்றன. உள்ளே லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது சகஜம். ஆனால் வெளியே ஓரிடத்தில் மட்டும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அடை போல் ஒட்டியிருந்தால், அங்கே காற்று தப்புகிறது என்று கொள்ளலாம். எஞ்சினை நிறுத்தி, டர்போவின் நுழைவாயிலை அடைத்து, ரெகுலேட்டர் வைத்து மெதுவாக அரை பார் அளவுக்குக் காற்று கொடுத்தோம். சோப்பு நீரைத் தடவினோம். இன்டர்கூலர் அருகே ஹோஸின் அடிப்பக்கத்தில் நுரை கிளம்பியது. சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டு, அழுத்தம் வந்தால் மட்டும் வாய் திறக்கும் விரிசல்! கையால் தடவிப் பார்த்தால் தெரியாது. ஹோஸும் இரண்டு கிளாம்பும் மாற்றினோம். மூவாயிரத்துக்குள் முடிந்தது. அத்திபெலேயிலிருந்து ஓசூர் தாண்டிச் சூளகிரி வரை போய் ஏற்றத்தில் திரும்பி வந்தான், கேட்ட அழுத்தம் வந்தது.

குழாயில் குறை இல்லாதிருந்தால், டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரையும் அதற்குப் போகும் மெல்லிய வாக்யூம் குழாயையும் கைப்பம்பு வைத்துச் சோதித்திருப்போம். கம்பி தடையின்றி நகர வேண்டும், நகர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். அதற்கும் பிறகுதான் டர்போவின் தண்டு. பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், ஏனெனில் அது எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை உறையில் உரசியிருந்தாலோ டர்போ போனது உண்மை.

விரிசல்தானே என்று அப்படியே ஓட்டலாகாது. தப்பிய காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகக்கூடியது. அதற்கு மேல் விரட்டினால் மூவாயிரத்தில் தீர வேண்டியது உண்மையாகவே ஐம்பதாயிரத்தில் முடியும்.

டர்போ நிஜமாகவே போயிருந்தாலும், எதனால் போனது என்று கேட்காமல் புதிதைப் பூட்ட விடாதீர்கள். பெரும்பாலும் காரணம் எண்ணெய்தான். பழைய எண்ணெய், அடைத்துப்போன எண்ணெய்க் குழாய் இரண்டையும் மாற்றாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். நீலப்புகை அதிகமாக வந்து எஞ்சின் ஆயிலும் குறைந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயம் உண்டு.

அன்பர்கள் மூன்றை நினைவில் கொண்டால் போதும். கம்பெனி சொன்ன ரக ஆயிலைச் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். கிருஷ்ணகிரி ஏற்றம் ஏறி வந்து காபிக்கு நிறுத்தும்போது, ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பிறகு அணையுங்கள். கொதிக்கும் டர்போவில் எண்ணெய் ஓட்டம் சட்டென நின்றால் அது கரியாகிப் படியும். மூன்றாவதாக, "டர்போ மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், "ஹோஸ்களைக் காற்றடைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.