கம்பிக்குள் ஒரு குடவோலை

உத்திரமேரூருக்குப் போனால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த விதத்தை அவை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். நன்றாகக் குலுக்கினார்கள். எதையும் பிரித்தறியத் தெரியாத ஒரு சிறுவனை அழைத்து ஓர் ஓலையை எடுக்கச் சொன்னார்கள். அதை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்கிச் சபையறியப் படித்தார். சொந்த நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடையவர்களுக்கே அந்தக் குடத்தில் இடம் இருந்தது. எனவே இன்றைய வாக்குரிமையோடு அதை ஒப்பிடுவது மிகை. ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சமமானவர்களிடையே 'யார்?' என்ற கேள்வி எழும்போது, யாருடைய விருப்பமும் குறுக்கிடாமல் சீட்டே அதைத் தீர்த்து வைக்கிறது.

இதே நுட்பம் உங்கள் மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள சதுரத் துளைக்குள்ளும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? இரண்டு மடிக்கணினிகளை ஒரே ஒரு கம்பியால் நேரடியாக இணைத்துப் பாருங்கள். சிறிது நேரத்துக்குள் மூன்று முறை குடவோலை நடந்து முடிந்துவிடும்.

முதலில், அப்படி ஏன் இணைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்தில் ஓர் அக்காளும் தம்பியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காளுக்குப் பள்ளியில் ஒன்று கிடைத்தது. தம்பியிடம் பின்னால் வாங்கிய வேறொன்று இருக்கிறது. அக்காளின் கணினி இப்போது அடிக்கடி நின்று போகிறது. என்றைக்கு முழுவதும் படுத்துவிடுமோ தெரியாது. அதில் பாட ஒளிப்படங்கள், குடும்பப் புகைப்படங்கள், ஏரியையும் கோயிலையும் எடுத்த படங்கள் எல்லாம் சேர்ந்து 40 ஜிகாபைட் இருக்கின்றன. கைப்பேசியில் நாளொன்றுக்குக் கிடைப்பது ஒன்றரை ஜிகாபைட் என்றால், அவற்றை இணையத்தில் ஏற்றுவதற்கே 27 நாள் ஆகும். பிறகு இறக்குவதற்கு இன்னொரு 27 நாள்! பென் டிரைவ் 16 ஜிகாபைட் என்றால் மூன்று நடை. கூடவே எந்தக் கடைக் கணினியிலிருந்தோ ஒட்டிக்கொண்ட வைரஸும் வரும். ஆனால் கடையில் விற்கும் ஒரு சாதாரண நெட்வொர்க் கேபிள் இந்த வேலையை, இரு கணினிகளும் வினாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம் உடையவையாக இருந்தால், கணக்குப்படி ஐந்தரை நிமிடத்தில் முடிக்கும். பழைய வன்தட்டு அவ்வளவு விரைவாகப் படித்துக் கொடுக்காது என்பதால் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒன்று 100 மெகாபிட் வகையாக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தீர்ந்துவிடும். இணையமே தேவையில்லை.

சரி, அந்தக் கேபிளுக்குள் என்ன இருக்கிறது? அறுந்து போன துண்டு ஒன்று கிடைத்தால் மேலுறையைக் கீறிப் பாருங்கள். எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு இணைகளாக இருக்கும். முறுக்கு அழகுக்காக அன்று. அருகில் ஓடும் மின் மோட்டாரின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்கும். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே அளப்பதால் அந்த இரைச்சல் கழிந்துபோகும். தொலைபேசி கண்ட கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

இனி முதல் சிக்கலுக்கு வருவோம். 1990-ல் வகுக்கப்பட்ட பத்து மெகாபிட் தரத்தின்படி, கணினியின் துளையில் 1, 2 ஆம் முனைகள் பேசுவதற்கு. 3, 6 ஆம் முனைகள் கேட்பதற்கு. பள்ளிக் கணினி அறையில் எல்லாக் கணினிகளையும் இணைக்கும் சுவிட்ச் என்னும் பெட்டியில் இது தலைகீழாக இருக்கும். ஆகவே நேர்க்கம்பி போதும். ஆனால் இரு கணினிகளை நேர்க்கம்பியால் இணைத்தால் ஒன்றின் வாய் மற்றதன் வாயோடும், செவி செவியோடும் சேர்ந்துவிடும். இருவரும் தொலைபேசிக் குழலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசுவது போல! அதனால்தான் அந்நாளில் குறுக்குக் கம்பி என்று தனியாக ஒன்று வேண்டியிருந்தது. ஒரு முனையில் ஆரஞ்சு இணை வரும் இடத்தில் மறுமுனையில் பச்சை இணையையும், பச்சையின் இடத்தில் ஆரஞ்சையும் மாற்றிச் சொருகி இதைச் செய்வார்கள். பழைய கணினிகள் இரண்டை இணைக்க நேர்ந்தால் இன்றும் இது தேவைப்படும்.

இந்தத் தொல்லையை ஒழித்தவர்கள் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனப் பொறியாளர்களான டேனியல் டவ், புரூஸ் மெல்வின் ஆகிய இருவர். துளையே தன் வாயையும் செவியையும் தேவைப்பட்டால் இடம் மாற்றிக்கொள்ளட்டும் என்றார்கள். எளிய யோசனைதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. குறுகலான வயல் வரப்பில் எதிரெதிரே வரும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் இடப்பக்கம் ஒதுங்க, அதே கணத்தில் மற்றவரும் அதே பக்கம் ஒதுங்குகிறார். இருவரும் மறுபக்கம் மாறுகிறார்கள், மறுபடியும் முட்டல். இரண்டு கணினிகளும் ஒரே விதிப்படி ஒரே நேரத்தில் மாறிக்கொண்டே இருந்தால் விடியும்வரை இதுதான் நடக்கும்.

என்ன செய்தார்கள்? ஒவ்வொரு துளையும் மாறுவதா, அப்படியே இருப்பதா என்பதை ஒரு தற்போக்கு எண்ணைக் கொண்டு, அதாவது சீட்டுப் போட்டு, முடிவு செய்ய வைத்தார்கள். வினாடியில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு நேரம் காத்து, எதிர்ப்பக்கத் துடிப்பு கேட்கிறதா என்று பார்க்கும். கேட்காவிட்டால் மீண்டும் சீட்டு. ஒரு முறையில் பொருந்திப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. தொடர்ந்து பத்து முறை பொருந்தாமலே போக 1024-ல் ஒரு வாய்ப்புத்தான். ஆகவே பெரும்பாலும் அரை நொடிக்குள் ஒரு வாய் ஒரு செவியைக் கண்டுகொள்கிறது. 1999-ல் வந்த ஜிகாபிட் தரத்தில் இதுவும் இடம் பெற்றது. இதுவே முதல் குடவோலை.

இரண்டாவது இன்னும் சுவையானது. ஜிகாபிட் வேகத்தில் நான்கு இணைகளும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசுகின்றன. ஒவ்வோர் இணையிலும் வினாடிக்கு 250 மெகாபிட். தான் பேசியதன் எதிரொலியைத் தானே கழித்துவிட்டு மற்றவர் சொல்வதைப் பிரித்துக் கேட்க வேண்டும். இதற்கு இரு முனைகளும் ஒரே தாளத்தில் இயங்கியாக வேண்டும். தாளம் போடுபவர் ஒருவர், பின்பற்றுபவர் மற்றவர். யார் தாளம் போடுவது? சுவிட்சோடு இணைத்தால் கேள்வியே இல்லை. பல துளைகள் உள்ள பெட்டிக்கே முன்னுரிமை. ஆனால் இரண்டும் ஒற்றைத் துளை மடிக்கணினிகளாக இருந்தால் இருவரும் சமம். அப்போது ஒவ்வொன்றும் 0 முதல் 2047 வரை ஓர் எண்ணைத் தற்போக்காக எடுத்து மற்றதற்குச் சொல்கிறது. பெரிய எண் எடுத்தவர் தாளக்காரர். இரண்டும் ஒரே எண் என்றால் மறுபடி குலுக்கல்! ஒரு வேடிக்கை: அமைப்புகளுக்குள் போய் இரு கணினிகளையும் 'நீதான் தாளக்காரன்' என்று கட்டாயப்படுத்திவிட்டால் இணைப்பே எழாது. சீட்டில் தோற்கச் சம்மதிக்கும் ஒருவர் வேண்டும்.

இந்தச் சீட்டு மரபு புதிதன்று. 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கியபோது பல கணினிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதினால், இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு தற்போக்கு நேரம் காத்திருந்து மீண்டும் தொடங்குவார்கள். மறுபடி மோதினால் காத்திருக்கும் எல்லை இரட்டிப்பாகும். ஹவாய்த் தீவுகளில் வானொலி மூலம் கணினிகளை இணைத்த அலோஹா வலையிலிருந்து கிடைத்த பாடம் அது.

மூன்றாவது குடவோலை முகவரிக்காக. கணினிகள் பேசிக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐ.பி. எண் வேண்டும். பள்ளியிலோ அலுவலகத்திலோ ரூட்டர் என்னும் கருவி எண்களைப் பங்கிட்டுத் தரும். இங்கே ரூட்டர் இல்லை. கணினி முதலில் 'எண் கொடுப்பவர் யாராவது உண்டா?' என்று சில முறை கூவிப் பார்க்கிறது; பதில் இல்லை. பிறகு 169.254 என்று தொடங்கும் 65,024 முகவரிகளில் ஒன்றைத் தானே எடுத்துக்கொள்கிறது. எடுத்தவுடன் சொந்தம் கொண்டாடுவதில்லை. 'இந்த எண் யாரிடமாவது இருக்கிறதா?' என்று மூன்று முறை கேட்கிறது. 'என்னிடம் இருக்கிறது' என்று குரல் வந்தால் வேறு எண். 2005-ல் வரையறுக்கப்பட்ட இந்த விதியில் ஒரு நயம் உண்டு: குலுக்கலுக்கு விதையாகக் கணினியின் பிறவி எண்ணையே பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால் நாளை மீண்டும் இணைக்கும்போதும் பெரும்பாலும் அதே முகவரி வரும். குடத்துக்குள் கைவிட்ட சிறுவன் தினமும் அதே ஓலையைத் தொடுவது போல!

இப்போது செய்து பார்க்கலாம். கேபிளின் ஒரு முனையை ஒன்றிலும் மறுமுனையை இன்னொன்றிலும் சொருகுங்கள். சொடுக்கென்ற ஒலி கேட்க வேண்டும். பல கணினிகளில் துளையின் ஓரத்தில் சிறு விளக்கு எரியும். எரியவில்லை என்றால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தம்பியின் மெல்லிய கணினியில் சதுரத் துளையே இல்லாமல் இருக்கலாம், யு.எஸ்.பி.யில் சொருகும் ஈதர்நெட் இணைப்பான் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இரு முனையும் தட்டையான சாதாரண யு.எஸ்.பி. கம்பியால் இரண்டு கணினிகளை ஒருபோதும் நேராக இணைக்காதீர்கள். அங்கே இரண்டுமே மின்சாரம் கொடுப்பவை, கருவி பழுதாகலாம்.

விளக்கு எரிந்த பின்னும் திரையில் 'இணையம் இல்லை' என்ற எச்சரிக்கை தெரியும். பலர் இதைக் கண்டே கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். அது உண்மையைத்தான் சொல்கிறது. நமக்கு இணையம் வேண்டியதில்லையே! ஒரு நிமிடம் பொறுத்திருங்கள், முகவரிச் சீட்டு முடியட்டும். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் தாங்களே எண் கொடுத்துவிடலாம்: அக்காளுக்கு 192.168.10.1, தம்பிக்கு 192.168.10.2, இரண்டுக்கும் மறைப்பு எண் 255.255.255.0. லினக்ஸ் உள்ள கணினியில் 'லிங்க்-லோக்கல்' என்ற தேர்வு இருக்கும், அதுவே போதும். பிறகு அக்காள் தன் கோப்புறையைப் பகிர்வுக்குத் திறந்து வைக்க, தம்பி அவள் கணினியின் எண்ணைக் கொடுத்து உள்ளே போகலாம்.

இங்கே ஒரு கதவு குறுக்கே நிற்கும். விண்டோஸ் இந்தப் புதிய இணைப்பை 'பொது வலை' என்று கருதி ஃபயர்வால் என்னும் காவலை இறுக்கிவிடுவதால், கம்பி சரி, முகவரி சரி, ஆனால் கோப்புறை மட்டும் தென்படாது. கோபத்தில் காவலையே முழுவதும் அணைத்துவிடுகிறார்கள் சிலர். அதை மறந்து அடுத்த நாள் இணையத்துக்கும் போகிறார்கள். அது வேண்டாம். இந்த ஒரு வலையை மட்டும் 'தனிப்பட்டது' என்று மாற்றினால் போதும். கோப்புறையைத் திறக்கும்போது அது கேட்கும் பெயரும் கடவுச்சொல்லும் அக்காளின் கணினிக்கு உரியவை, தம்பியுடையவை அல்ல. அந்தக் கணினிக்குக் கடவுச்சொல்லே இல்லையென்றால் முதலில் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

நின்று நின்று போகும் கணினியிலிருந்து எடுக்கிறோம் என்பதால், 40 ஜிகாபைட்டையும் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். திரும்பக் கிடைக்காத புகைப்படங்கள் முதலில். மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய பாடங்கள் கடைசியில். நகல் முடிந்ததும் சில படங்களைத் தம்பியின் கணினியில் திறந்து பாருங்கள். கையால் எண் கொடுத்திருந்தால் அதை எடுத்துவிட்டு 'தானாகப் பெறு' என்ற பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் தம்பி பள்ளியில் கேபிளைச் சொருகும்போது எல்லோருக்கும் வலை கிடைக்கும், அவனுக்கு மட்டும் கிடைக்காது.