ஒரே பந்தி



"நம் பள்ளியில் நம் பிள்ளைகளைவிடப் பிற சமயப் பிள்ளைகளே அதிகம். பிறகு எதற்காக நாம் சிரமப்பட்டு இதை நடத்த வேண்டும்?" நம் மறைமாவட்டத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வரும்போது இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

திருச்சபையின் பதில் தெளிவானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளிகள் சிறப்பாக யாரைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறது: ஏழைகள், குடும்பத்தின் அன்பும் ஆதரவும் கிடைக்காதவர்கள், நம் விசுவாசத்தைப் பெறாதவர்கள். அப்படியானால் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளும், இந்து, இஸ்லாமியப் பிள்ளைகளும் நம் பள்ளிக்கு விருந்தாளிகள் அல்லர், உரிமையாளர்கள்.

நாட்டின் சட்டமும் இதற்கு இசைவானதே. அரசியலமைப்பின் 30-வது பிரிவு பள்ளி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தருகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் சமயம், சாதி, மொழியைக் காரணம் காட்டி யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29-வது பிரிவு. பெற்றோரின் இசைவின்றிச் சிறுவர்களை மறைபோதனையில் அமர்த்தக் கூடாது என்கிறது 28-வது பிரிவு.

நீடாமங்கலம் பகுதியில் வாழும் நமக்கு மற்றொரு காரணமும் உண்டு. 1937 டிசம்பரில் இவ்வூரில் நடந்த ஓர் அரசியல் மாநாட்டின் பொதுப் பந்தியில் அமர்ந்து சாப்பிட்டதற்காக, தாழ்த்தப்பட்ட மக்கள் அடிக்கப்பட்டார்கள். மொட்டையடிக்கப்பட்டுச் சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டார்கள். கத்தோலிக்கரான நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியாக மக்களைப் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது.

இந்தப் பின்னணியில் மதிய உணவு மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்காருவதைப் பாருங்கள். யார் வீட்டுப் பிள்ளை யார் பக்கத்தில் என்று யாரும் கேட்பதில்லை. 2024 ஜூலை 15 அன்று காலை உணவுத் திட்டம் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் தொடக்க விழா நடந்த இடமே ஒரு கத்தோலிக்கப் பள்ளிதான்: திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் பள்ளி.

அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, சிலருக்கு அஞ்சி விலகியபோது, பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார் (கலா 2:11-14). பந்தி விசுவாசத்தோடு சம்பந்தப்பட்டது என்பதை அவர் அறிந்திருந்தார்.

எனவே அன்பர்களே, நாம் செய்ய வேண்டியவை மூன்று. இயன்றவர்கள் நம் பிள்ளைகளையும் இப்பள்ளிகளுக்கே அனுப்புவோம். பெற்றோர் கூட்டங்களில் பிற சமயப் பெற்றோருக்கும் பேச இடம் கொடுப்போம். "அந்தப் பிள்ளையோடு சேராதே" என்ற சொல் நம் வீட்டில் எழாதபடி பார்த்துக்கொள்வோம். பள்ளியில் ஒன்றாய் உண்ட பிள்ளையை வீட்டு வாசலில் நாம் பிரித்துவிட்டால், நம் பள்ளி எதற்காக?

சிந்திப்போம், செயல்படுவோம்.