காளான் அறையின் கதவிடுக்கில் ஒளி புகாது தடுத்தல்

மலைநாட்டின் ஈரலிப்பான காலநிலை சிப்பிக் காளான் வளர்ப்புக்கு ஏற்றதாகும். கண்டி தொடக்கம் கடுகண்ணாவைக் கணவாய் வரையுள்ள கிராமங்களில், வயலோடும் மரக்கறித் தோட்டத்தோடும் நில்லாது, வீட்டின் ஓர் அறையையோ பழைய களஞ்சியத்தையோ ஒதுக்கிக் காளான் செய்வோர் உளர். இவர்கள் மரத்தூட் கலவையைப் பற்றியும் வித்தைப் பற்றியும் நன்கு விசாரிக்கின்றனர். பைகளை அடுக்கி வைக்கும் அறையின் கதவைப் பற்றி விசாரிப்போர் மிகச் சிலரே. ஆயினும் அக்கதவின் இடுக்கினாலேயே பல பைகளின் விளைவு குறைந்துபோதல் கூடும்.

நெல்லுக்கும் மரக்கறிக்கும் ஒளி இன்றி உணவில்லை. காளானோ பச்சையம் அற்றது. மரத்தூளையும் தவிட்டையும் உண்டே வளர்வது. ஆகவே ஒளி அதற்கு உணவன்று, ஓர் அறிகுறி மாத்திரமே. நெற்செய்கையில் பழகியவர்க்கு இது புதிதன்று. பழைய மாவீ நெல்லினங்கள் பகற்பொழுது குறுகுவதை உணர்ந்தே கதிர் தள்ளுவன. முந்தி விதைத்தாலும் அவை தமக்குரிய பருவத்துக்கு முன் கதிர் தள்ளுவதில்லை. அதுபோலவே, மரத்தூளினுள்ளே பரவும் காளான் இழை இருளில் உள்ளவரை உண்டு பரவுவதையே தொழிலாகக் கொள்ளும். ஒளி, சிறப்பாக அதன் நீலக்கூறு, பட்டதும் வெளியுலகை அடைந்துவிட்டதாகக் கொண்டு மொட்டுவிடத் தொடங்கும்.

இந்த மாற்றம் உரிய வேளையில் நிகழ்ந்தால் நன்மை. முந்தி நிகழ்ந்தால் நட்டம். 10 கிலோகிராம் இறப்பர் மரத்தூளுக்கு 1 கிலோகிராம் தவிடும், 200 கிராம் கல்சியங் காபனேற்றும், 100 கிராம் சோயா மாவு அல்லது பயற்றம் மாவும், 20 கிராம் மகனீசியஞ் சல்பேற்றும் கலந்து, பொதிசெய்து, ஆவியில் அவித்து, வித்திட்ட பை முழுவதும் வெண்மையாவதற்கு ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து வாரங்கள் செல்லும். இக்காலத்தில் நாள்தோறும் ஒரே பக்கத்தில் ஒளிக்கீற்று விழுமாயின், பையின் மறுபாதி மரத்தூளாகவே கிடக்க, ஒளிபட்ட பக்கத்தில் குண்டூசித் தலை போன்ற மொட்டுகள் தோன்றும். அவை பொலித்தீனுக்குள் நெருக்குண்டு மஞ்சளித்து அழுகும். அழுகிய இடத்திற் பச்சைப் பூசணம் பற்றும். மொட்டு விட்ட பக்கங்கள் யாவும் கதவை நோக்கியிருப்பின் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பைகளைப் பார்வையிடச் சில நிமிடங்கள் டோர்ச் விளக்கைப் பிடிப்பதால் தீங்கு நேராது. நாள்தோறும் தவறாது விழும் ஒளியே கேடு செய்வது.

இடுக்கினால் வரும் இன்னொரு தீங்கு காளான் ஈ ஆகும். கருநிறச் சிற்றீக்களான இவை கதவின் நீக்கல் வழியே நுழைந்து பையின் வாயருகே முட்டையிடும். புழுக்கள் இழையைத் தின்று பையைக் கெடுக்கும். இருண்ட அறையினுள் வளர்ந்த ஈக்கள் வெளிச்சம் தெரியும் கீற்றை நாடிக் கூடுவன. ஆதலாற் கதவருகே ஈக்கள் மொய்க்கக் காணின், அங்கே ஒளி புகும் வழியும் உண்டெனக் கொள்க. ஒட்டுப் பசை பூசிய மஞ்சட் தகடொன்றை அவ்விடத்தில் தொங்கவிடுதல் நன்று.

இடுக்குகளைக் கண்டறிதல் எளிது. வெயில் உள்ள நாளில் அறைக்குட் சென்று கதவை அடைத்து, பத்து நிமிடமாவது இருளில் நிற்க வேண்டும். உட்சென்றவுடன் ஒன்றும் தெரியாது. கண் இருளுக்குப் பழகப் பழகவே மெல்லிய கீற்றுகளும் புலப்படும். கண்ட இடங்களைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொள்க. கிழக்கு நோக்கிய கதவைக் காலையிலும், மேற்கு நோக்கியதை மாலையிலும் சோதித்தல் வேண்டும். சூரியன் கதவுக்கு எதிரே நிற்கும் வேளையே உண்மையைக் காட்டும். இரவில் உள்ளே மின்விளக்கை ஏற்றி வெளியே நின்று பார்ப்பதும் ஒரு முறை. மண்ணெண்ணெய் விளக்கை இவ்வறைக்குட் கொண்டுசெல்லலாகாது.

மாதத்தையும் கவனித்தல் வேண்டும். பலகைகளை இணைத்துச் செய்த கதவு மழைமாதங்களில் ஈரங் குடித்துப் பருத்து நிலையோடு இறுகும். தை, மாசி வரட்சியிற் சுருங்கி, பலகைகளின் இடையிலும் நீக்கல் விடும். மழைக்காலத்திற் கதவு இறுகுகின்றதென்று சீவுளி பிடிப்போர் பெப்ரவரியில் விரற்கடை அகல இடுக்கைக் காண்பர். சீவுவதாயின் வரட்சி கழியும்வரை பொறுத்து, அப்போதுள்ள இடுக்கைப் பார்த்தே சீவுக.

இடுக்கை அடைக்கப் பலர் சாக்கையும் பழந்துணியையும் திணிக்கின்றனர். இது தவறு. நமது பகுதியின் ஈரத்தில் அவை ஊறிப் பூசணம் பிடித்து அறைக்கே நோய் பரப்பும். பழைய சைக்கிள் டியூப்பே இதற்குத் தக்க பொருள். அது கறுப்பானது, உக்காதது, கழுவத்தக்கது. டியூப்பை நீளவாட்டிற் பிளந்து விரித்து, கதவின் மேல் விளிம்பிலும் திறாங்குள்ள பக்கத்திலும் ஓர் அங்குலம் நிலையை மூடும்படி ஆணியறைந்து விடுக. பிணைச்சற் பக்கத்தில் ஒரு கரையைக் கதவிலும் மறு கரையை நிலையிலும் அறைந்து, நடுவே மடியுமாறு தளரவிட்டாற் கதவு தடையின்றித் திறக்கும். திறப்புத் துவாரத்துக்கு டியூப்புத் துண்டொன்றை மேலிருந்து தொங்கவிட்டாற் போதும். பலகை வெடிப்புகளின் மேல் கறுப்புப் பொலித்தீனை இரண்டாக மடித்து அறைதல் வேண்டும். மெல்லிய பொலித்தீன் ஒற்றையாய் இருப்பின் ஒளியை முற்றாக மறைக்காது.

அதிக ஒளி புகுவது கதவின் அடியில்தான். வாசலின் உட்புறத்தில் ஓர் அங்குல உயரச் சீமெந்துப் படி கட்டி, அடைத்த கதவின் அடிவிளிம்பு அதனோடு முட்டும்படி செய்தல் சிறந்தது. கதவு வெளிப்புறம் திறப்பதாயின் இதிற் சிரமமில்லை. உட்புறம் திறக்கும் கதவுக்குப் படி தடையாகும். அங்கே அடிவிளிம்பில் நிலத்தைத் தொடுமாறு டியூப்பை அறைந்து, தேயுந்தோறும் மாற்றுக.

எவ்வளவு செம்மையாக அடைத்தாலும் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒளி பாயும். எனவே கதவுக்கு நான்கு அடி உள்ளே, கூரையிலிருந்து நிலம்வரை கறுப்புத் திரைகள் இரண்டை, ஒன்றன்மேல் ஒன்று ஓரடி படியுமாறு தொங்கவிடுக. முதலிற் கதவை அடைத்த பின்னரே திரையை விலக்க வேண்டும். திரைக்கும் கதவுக்கும் இடைப்பட்ட சுவருக்குக் கறுப்புப் பூசினால் தெறிக்கும் ஒளியும் அடங்கும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் சிறு கீற்றையும் அறையெங்கும் பரப்பிவிடும்.

இனிச் சொல்வதைச் சிறப்பாகக் கவனிக்க. ஒளியைத் தடுக்கும் ஆவலிற் காற்றையும் தடுத்துவிடலாகாது. காளான் இழை நம்மைப் போலவே மூச்சுவிடுவது. சில நூறு பைகள் சேர்ந்தால் கரியமில வாயுவும் வெப்பமும் திரளும். இழை வளர்ச்சிக்கு உகந்த வெப்பநிலை 25 முதல் 28 பாகை செல்சியஸ் ஆகும். அடுக்கின் நடுவில் அது அறையின் வெப்பத்திலும் கூடியிருக்கும். ஒளி நேர்கோட்டிற் செல்வது, காற்று வளைந்தும் செல்வது. ஆகவே சுவரின் கீழ்ப்புறம் ஒன்றும் எதிர்ச்சுவரின் மேற்புறம் ஒன்றுமாகத் துவாரம் விட்டு, அவற்றுக்கு இரு மடிப்புடைய பலகைக் கூடுகளை உட்புறம் கறுப்புப் பூசிப் பொருத்துக. வெளிவாயிலை ஈ புகாத நுண்வலையால் மூடி, வலையை வாரம் ஒருமுறை தூசு நீக்குக.

பை முழுவதும் வெண்மையான பின் இருள் வேண்டியதில்லை. அப்பைகளை வேறு கொட்டிலுக்கு மாற்றி, பத்திரிகை வாசிக்கக்கூடிய அளவு பரவலான ஒளியும், காற்றோட்டமும், 80 முதல் 90 சதவீத ஈரப்பதனும் கிடைக்கச் செய்தல் வேண்டும். நேர்வெயில் ஆகாது. இரண்டாம் அறை இல்லாதோர் இருளறையின் ஒரு கோடியைக் கூரைமுட்டக் கறுப்புத் திரையாற் பிரித்து, தனிவாசல் வைத்துக்கொள்ளலாம். கதவுக்குச் சொன்ன சோதனையை அத்திரைக்கும் செய்க. அங்கு முளைக்கும் காளான்கள் தண்டு நீண்டு குடை சிறுத்து வருமாயின், அப்பகுதிக்கு ஒளியும் காற்றும் போதவில்லை. அங்குள்ள சாளரத்தை இன்னும் சிறிது திறந்துவிடுக.