சுப்பிலுலியுமாவா, சுப்பிலுலியுமாஸா?

பண்டைய உலக வரலாறு பற்றிய ஆங்கில நூல்கள் சிலவற்றை நூலகத்தில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹிட்டைட் பேரரசன் ஒருவனைப் பழைய நூல்கள் சில ‘சுப்பிலுலியுமாஸ்’ என்று குறிப்பிடும். புதிய நூல்கள் ‘சுப்பிலுலியுமா’ என்னும். வேறு சிலவற்றில் பெயரின் முதலில் வரும் ‘எஸ்’ எழுத்தின் தலையில் சிறு கொக்கி ஒன்று இருக்கும். அதை ‘ஷ்’ என்று படிப்பார்கள். ஒரே மன்னனுக்கு ஏன் இத்தனை வடிவங்கள்?

ஹிட்டைட்டுகள் இன்றைய துருக்கி நாட்டை ஆண்டவர்கள். அவர்களது தலைநகர் ஹட்டுசா. 1906இல் ஹியூகோ வின்க்லர் அங்கு அகழ்வாராய்ச்சி தொடங்கியபோது ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் ஏராளமாகக் கிடைத்தன. எழுத்து தெரிந்ததுதான், மொழிதான் புரியவில்லை. 1915இல் செக் நாட்டு அறிஞர் பெட்ரிச் ஹிரோஸ்னி அந்தப் புதிரை விடுவித்தார். ஹிட்டைட் மொழியில் தண்ணீருக்கு ‘வாதர்’ என்று பெயர். ஆங்கில ‘வாட்டர்’ உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா? ஆம், அது ஆங்கிலம், சமஸ்கிருதம் ஆகியவற்றுக்கு உறவான மொழியே.

முதலில் அந்தக் கடைசி ‘ஸ்’ஸைப் பார்ப்போம். தமிழில் எழுவாய்க்கு உருபு இல்லை. ஹிட்டைட் மொழியிலோ எழுவாயாக வரும் ஆண்பாற் பெயர் ‘ஸ்’ என்று முடியும். சமஸ்கிருதத்தில் ‘ராம’ என்னும் சொல் எழுவாயாகும்போது ‘ராமஹ’ என்றாவதும் இதே முறைதான். ஆங்கில நூல்கள் ‘ராமா’ என்றுதானே எழுதுகின்றன? அதுபோலவே, இன்றைய ஆய்வாளர் பலர் விகுதியை நீக்கிச் சுப்பிலுலியுமா என்கின்றனர்.

அடுத்து ‘ஸ’வா, ‘ஷ’வா? ஹிட்டைட்டுகள் ஆப்பெழுத்தை மெசபொட்டேமிய நாகரிகத்திடமிருந்து கடன் வாங்கியவர்கள். அங்கே ‘ஷ’ வரிசைக்கு வழங்கிய குறிகளைக்கொண்டே தம் ‘ஸ’ ஒலியை எழுதினார்கள். இது எப்படித் தெரியும்? சுமார் கி.மு. 1259இல் ஹட்டுசிலி என்ற ஹிட்டைட் மன்னன் எகிப்தின் இரண்டாம் ராம்சேஸுடன் உடன்படிக்கை செய்துகொண்டான். அதன் எகிப்திய வடிவம் கர்னாக் கோயில் சுவரில் உள்ளது. எகிப்திய எழுத்தில் ‘ஸ’வுக்கும் ‘ஷ’வுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ஹட்டுசிலியின் பெயரை எகிப்தியர் ‘ஸ’ போட்டே எழுதியிருக்கிறார்கள்! ஆனால் ‘ல’வுக்குத் தனிக்குறி இல்லாததால் ‘ர’ போட்டார்கள். அதனால்தான் பழைய ஆங்கில நூல்களில் அம்மன்னன் ‘கெத்தசார்’ ஆனான்.

‘பெயர் எப்படியிருந்தால் என்ன?’ என்று கேட்பீர்கள். இதைக் கேளுங்கள். சுப்பிலுலியுமாவின் வரலாற்றை அவன் மகன் முர்சிலி எழுதுவித்தான். கணவனை இழந்த எகிப்திய அரசி ஒருத்தி, ‘உம் மகன்களில் ஒருவனை எனக்குக் கணவனாக அனுப்பும்’ என்று கேட்ட செய்தி அதில் வருகிறது. மன்னன் தன் மகன் சன்னன்சாவை அனுப்பினான். வழியிலேயே இளவரசன் இறந்தான். தந்தை சினந்து போர் தொடுத்தான். அப்போரில் பிடிபட்ட கைதிகளோடு கொள்ளைநோயும் ஹிட்டைட் நாட்டில் நுழைந்தது.

அந்த அரசியின் கணவன் யார்? பலகை அவனை ‘நிப்ஹுருரியா’ என்கிறது. துட்டன்காமனின் பட்டப்பெயர் நெப்கெபெருரே, அக்நாட்டனுடையதோ நெஃபர்கெபெருரே. அக்நாட்டனின் பெயர் வேறு ஆப்பெழுத்துக் கடிதங்களில் ‘நப்ஹுருரேயா’ என்று வருகிறது. ‘நிப்’ என்ற தொடக்கத்தைக்கொண்டு, இறந்தவன் துட்டன்காமனே என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். அக்நாட்டன் என்போரும் உண்டு. பார்த்தீர்களா? ஓர் அசையைப் படிக்கும் விதத்தில் ஒரு போரின் காலமே அடங்கியிருக்கிறது!

சுப்பிலுலியுமா என்றால் ‘தூய நீரூற்றிலிருந்து வந்தவன்’ என்று பொருள். ‘சுப்பி’ தூய்மை, ‘லுலி’ நீர்நிலை, ‘உமா’ அவ்விடத்தவன். இனி ஒரே பெயரை இரு நூல்கள் இருவிதமாக எழுதியிருந்தால், அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்த மொழியிலிருந்து, எந்த எழுத்தின் வழியாக அது வந்தது என்று கேளுங்கள். வரலாற்றின் கதவு ஒன்று அங்கே திறக்கக்கூடும்.