மெயின் சுவிட்சைப் பார்த்துவிட்டு ஆளைத் தேடுங்கள்

அம்மா இருக்கும் தோ பாயோ வீட்டில் மூன்று வேலைகள் சேர்ந்துவிட்டன. குளியலறை ஹீட்டரை மாற்ற வேண்டும், கேஸ் அடுப்புக்குப் பதில் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க வேண்டும், ஏர்கான் புதிதாகப் போட வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "நல்ல எலக்ட்ரீஷியன் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் ஏழு தொலைபேசி எண்கள் வந்தன. ஏழு பேருமே கெட்டிக்காரர்கள், ஏழு பேருமே கூலி குறைவாகக் கேட்பவர்கள். அவர்களில் யாருக்கு எந்த அளவு வேலை வரை செய்ய உரிமம் இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய ஹீட்டரில் சூடுபட்ட கதைதான் பிறகு என்னைக் கேட்க வைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதைப் பொருத்தியவர் குழாய், கதவு, விளக்கு எல்லாம் பார்க்கும் ஓர் ஆள். மின்வேலை உரிமம் இல்லாதவர். ஹீட்டருக்கென்று தனி லைன் இழுக்காமல், பக்கத்தில் இருந்த 13 ஆம்பியர் பிளக்கிலிருந்தே இழுத்துக் கொடுத்துவிட்டார். நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் பார்த்தால் பிளக் பழுப்பேறி, ஓரம் உருகியிருந்தது. ஆர்சிசிபி ஏன் விழவில்லை என்று அம்மா கேட்டார். ஆர்சிசிபி பார்ப்பது கசியும் மின்சாரத்தை. கம்பி தளர்ந்து சூடாவது அதன் கண்ணுக்குத் தெரியாது. அளவு மீறினால் விழும் எம்சிபிக்கும், இழுத்த மின்சாரம் அளவுக்குள் இருந்தால் தெரியாது. அந்த இடத்தில் காவல் என்று இருப்பது கம்பியைத் திருகுகிறவரின் கை மட்டும்தான்.

சிங்கப்பூரில் அந்தக் கைக்கு உரிமம் தருவது எரிசக்திச் சந்தை ஆணையம். உரிமம் பெற்ற மின்பணியாளர்களை இங்கே எல்லாரும் எல்.இ.டபிள்யூ. என்பார்கள். அதில் மூன்று வகை உண்டு: எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், எஞ்சினியர். பேச்சு வழக்கில் மூன்று பேரையும் எலக்ட்ரீஷியன் என்றே கூப்பிடுவதால்தான் குழப்பம். எலக்ட்ரீஷியன் உரிமம் 45 கே.வி.ஏ. சுமை வரை. டெக்னீஷியன் 150 கே.வி.ஏ. வரை வடிவமைக்கலாம், 500 கே.வி.ஏ. வரை இயக்கிப் பராமரிக்கலாம். இந்த இரண்டும் 1,000 வோல்ட்டுக்குள். எஞ்சினியருக்குச் சுமையில் வரம்பு இல்லை. எத்தனை வோல்ட் வரை கை வைக்கலாம் என்பது அவரவர் உரிமத்தில் எழுதியிருக்கும்.

ஆக, ஆளைத் தேடுவதற்கு முன் வீட்டின் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். டிபி பெட்டியை, அதாவது மின்விநியோகப் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைப் பாருங்கள். அதில் ஒரு ஆம்பியர் எண் அச்சாகியிருக்கும். சட்டத்தையோ ஸ்குரூவையோ கழற்ற வேண்டாம். மூடியைத் திறந்து படித்தால் போதும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பெரும்பாலும் 40 என்றிருக்கும். ஒற்றை ஃபேஸ், 230 வோல்ட். 230-ஐ 40-ஆல் பெருக்கினால் 9,200, அதாவது 9.2 கே.வி.ஏ. மூன்று ஃபேஸ் வரும் தரைவீடு என்றால் 400 வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, மறுபடி 1.732-ஆல் பெருக்க வேண்டும். 63 ஆம்பியருக்கு 43.6 கே.வி.ஏ. வருகிறது. 45 என்ற எல்லை ஏன் அங்கே நிற்கிறது என்று இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. ஏறக்குறைய எல்லா வீடுகளும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அடுக்குமாடி வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு எலக்ட்ரீஷியன் உரிமம் போதும். "எங்க ஆளு எஞ்சினியர், அக்கா" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் அந்தக் கூடுதலால் உங்கள் ஹீட்டருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உரிமத்தின் வகை கைத்திறனுக்குப் போட்ட மதிப்பெண் அல்ல. எவ்வளவு பெரிய சுமை வரை தொடலாம் என்ற எல்லைக்கோடு, அவ்வளவுதான்.

அம்மா வீட்டு மெயின் சுவிட்சில் 30 என்றிருந்தது. 1994-க்கு முன் கட்டிய வீடுகளில் இப்படி இருக்கக்கூடும். ஏர்கான் போடுவதற்கு முன் மின்வசதி தாங்குமா என்று பார்க்க வேண்டியவை அவை. ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஹீட்டர் 3.3 கிலோவாட், சுமார் 14 ஆம்பியர். இண்டக்‌ஷன் 3.5 கிலோவாட், 15 ஆம்பியர். ஏர்கானுக்கு ஒரு 12. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் 9. மொத்தம் 50. எல்லாம் ஒரே நிமிடத்தில் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் மாலை ஆறரை மணிக்கு யாராவது குளிக்க, யாராவது சமைக்க, அம்மா சீரியலுக்கு ஏர்கான் போட, 30-ஐத் தாண்டும் நிமிடம் தினமும் வந்துவிடும். எனவே வேலை மூன்று அல்ல, நான்கு. மெயினை 40-க்கு உயர்த்துவதுதான் முதல் வேலை. அதற்கு வீவகவின் சம்மதம் வேண்டும். அந்த விண்ணப்பத்தையும் உரிமம் பெற்றவர் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். இந்தக் காகிதம் கையில் இருந்ததால் தொலைபேசியில் பேசும்போதே வித்தியாசம் தெரிந்தது. "வந்து பாத்துக்கலாம்" என்றவர்கள் ஒரு பக்கம். "மெயின் 30-ஆ? அப்போ ஏர்கான்காரங்ககிட்ட இப்பவே தேதி குடுத்துடாதீங்க" என்றவர் இன்னொரு பக்கம். இரண்டாமவரைத்தான் பிடித்தேன்.

அதே பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டெஸ்ட் என்றோ டி என்றோ எழுதிய சிறு பொத்தான் உள்ள சுவிட்ச் அது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் இல்லாமல் இருக்கலாம். எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்று கொண்டுவந்த விதி, பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை தவணை கொடுத்தது. தவணை முடிந்துவிட்டது. இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்தே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஆளைச் சரிபார்ப்பது. இரண்டு நிமிட வேலைதான். ஆனாலும் யாரும் செய்வதில்லை. உரிம எண்ணைக் கேளுங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். எந்த வகை, காலாவதியாகாமல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். "கோவிச்சுப்பாரோ" என்று அம்மா தயங்கினார். வந்தவர் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

இங்கே ஒரு நுணுக்கம். ரெனோவேஷன் காண்டிராக்டரிடம் வீட்டை மொத்தமாக ஒப்படைத்திருந்தால் மின்வேலை யாருடையது என்று தெரியாமலே போய்விடும். சுவரைக் கொத்திக் குழாய் பதிப்பவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், கடைசியில் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடுபவர் ஒருவர். "யார் செய்வாங்க?" என்று கேட்டால் மட்டும் போதாது. "யார் பொறுப்பு ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுவாங்க, அவர் வேலை நடக்கும்போது எத்தனை தடவை வருவார்?" என்று கேளுங்கள். சுவரைப் பூசிய பிறகு வந்து பார்ப்பவருக்கு உள்ளே என்ன கம்பி ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

பழைய வீட்டில் கம்பிக்குள் இன்னொரு பொறி காத்திருக்கிறது: நிறம். 2009 மார்ச்சுக்கு முன் இங்கே ஒற்றை ஃபேஸில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூட்ரல். இப்போது பழுப்பு உயிர்க்கம்பி, நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸில் இது இன்னும் விபரீதம். பழைய முறையில் நீலம் ஒரு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். புதிய முறையில் கறுப்பு ஒரு ஃபேஸ், நீலம் நியூட்ரல். நேர் தலைகீழ். பழைய கடைவீட்டில் பாதி வயரிங்கை மட்டும் மாற்றினால் இரண்டு காலமும் ஒரே பெட்டிக்குள் சந்தித்துக்கொள்ளும். நிறத்தை நம்பாமல் மீட்டரை வைத்துப் பார்ப்பவர்தான் அங்கே வேண்டும்.

கடைவீடு என்றதும் என் மாமா நினைவுக்கு வருகிறார். சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு துணிக்கடையை எடுத்து உணவகம் ஆக்கினார். வீட்டுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டார். அவர் நேர்மையானவர், பெட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது என் கணக்குல வராது" என்று சொல்லிவிட்டார். மாவு அரைக்கும் இயந்திரம், உறைபெட்டிகள், புகைபோக்கி என்று எல்லாம் சேர்த்து மூன்று ஃபேஸ் 100 ஆம்பியர் தேவைப்பட்டது. 69 கே.வி.ஏ. டெக்னீஷியன் உரிமமாவது உள்ளவர்தான் தொட முடியும். வீடல்லாத இடத்தில் 45-ஐத் தாண்டினால் வேலை செய்பவரின் உரிமம் மட்டும் போதாது. அந்த மின்னமைப்புக்கே தனி உரிமம் எடுத்து, ஒரு எல்.இ.டபிள்யூ.வை அமர்த்தித் தொடர்ந்து சோதிக்க வேண்டும். மாமா சிக்கிய இடம் இதுதான்: "நான் ஒரே நேரத்துல எல்லாத்தையும் ஓட்ட மாட்டேன், 40 கே.வி.ஏ.க்குள்ளயே நிக்கும்" என்றார். கணக்கில் எடுப்பது நாம் ஓட்டும் சுமையை அல்ல. அனுமதி வாங்கிய சுமையை. எஞ்சினியர் வகை பெரும்பாலும் நம் வாசலுக்கு வராது. பெரிய கட்டடங்கள், ஆலைகள், உயர் மின்னழுத்தத்தில் இணைப்பு எடுக்கும் இடங்கள் அவர்களுடைய உலகம்.

தரைவீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்திலோ வாசலிலோ மண்ணைத் தோண்டும் வேலை இருந்தால் மேலே சொன்ன மூவரும் உதவமாட்டார்கள். புதைந்திருக்கும் கேபிள் எங்கே ஓடுகிறது என்று கண்டறிந்து சொல்ல வேறொரு உரிமக்காரர் இருக்கிறார்.

அம்மா வீட்டில் வேலை இரண்டு நாள் நடந்தது. ஹீட்டருக்குத் தனி லைன், அடுப்புக்குத் தனி லைன், ஏர்கானுக்குத் தனி லைன். முடிந்ததும் எர்த் தொடர்ச்சி, இன்சுலேஷன், நியூட்ரலும் உயிர்க்கம்பியும் இடம் மாறாமல் இருப்பது என்று ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து எழுதினார். அந்தத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்கி டிபி பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தேன். கிளம்புவதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, மாசம் ஒரு தடவை இந்தப் பொத்தானை நீங்களே அழுத்திப் பாக்கணும். உடனே எல்லாம் அணையணும். அணையலைன்னா எனக்குப் போன் போடுங்க. இப்ப ஒரு தடவை அழுத்துங்க."

அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால், சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல் அழுத்தினார். டக்கென்று வீடு இருண்டது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டே சுவிட்சை மேலே தள்ளக் கையை நீட்டினார்.

"சீக்கிரம் போடுப்பா," என்றார் அம்மா, "குக்கர்ல சோறு பாதி வெந்திருக்கு."